செடியின் நஞ்சைப் பூஞ்சை கடக்கும் வழிகள்: சேலத்துக் காட்டிலிருந்து சேர்வராயன் மலை வரை

சேலம் பக்கம் ஆடு வைத்திருப்பவர்களுக்குக் குச்சிக்கிழங்குத் தழையைப் பற்றி யாரும் எச்சரிக்க வேண்டியதில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு போன ஆடு பச்சைத் தழையை வயிறு நிறையத் தின்றுவிட்டால், மருத்துவரைக் கூப்பிட்டு வருவதற்குள் மூச்சுத் திணறிச் சாய்ந்துவிடும். தழையிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சயனைடுதான் காரணம். ஆனால் அதே இலையைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புப் புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சை அதில் குடியிருந்து, வளர்ந்து, வித்தும் விட்டுக்கொண்டிருக்கும். ஆட்டைக் கொன்ற நஞ்சு இதை ஏன் கொல்லவில்லை?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. நஞ்சை உடைக்கும் பூஞ்சை உண்டு; உள்ளே வந்ததை வெளியே இறைக்கும் பூஞ்சை உண்டு; நஞ்சு தாக்கும் இடமே இல்லாத உயிர் உண்டு; செடிக்குத் தெரியாமல் உட்கார்ந்திருப்பது உண்டு; நஞ்சு வற்றும்வரை காத்திருப்பதும் உண்டு. எந்த நோய் எந்த வழியில் வருகிறது என்று தெரிந்தால், எந்த மருந்து கேட்கும், எந்த மருந்துக்குக் கொடுக்கும் காசு வீண் என்பதும் தெரிந்துவிடும். இதைப் படிக்க அதுவே போதுமான காரணம்.

முதலில் குச்சிக்கிழங்கையே பார்ப்போம். செடியில் சயனைடு தனியாக நிற்பதில்லை. லினமாரின் என்ற சர்க்கரை கட்டிய பொருளாகச் செல்லின் உள்ளே ஒரு பையில் கிடக்கிறது. அதை உடைக்கும் லினமாரேஸ் என்ற நொதி (என்சைம்) செல்லின் சுவரில் இருக்கிறது. இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. கடித்தாலோ நசுக்கினாலோ பை கிழிந்து இரண்டும் கலக்கும், சயனைடு வெளிவரும். சேகோ ஆலையில் கிழங்கை அரைத்து மாவைத் திரும்பத் திரும்ப அலசும்போது இந்த நஞ்சின் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. சோளத்திலும் இதே ஏற்பாடுதான். அங்கே பொருளின் பெயர் துரின். மழை பெய்து புதிதாகத் துளிர்த்த இளஞ்சோளத்தில் மாட்டை விடாதே என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

சயனைடு செல்லின் மூச்சை நிறுத்துகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பிடிக்கும் கடைசி நொதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. பல பூஞ்சைகள் இதற்கு மாற்று வழி வைத்திருக்கின்றன. சயனைடு ஒட்ட முடியாத இன்னொரு நொதி வழியாக மூச்சு விடுகின்றன. சக்தி குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் உயிர் நிற்கும். இன்னும் சில பூஞ்சைகள் சயனைடு ஹைட்ரடேஸ் என்ற நொதியைச் சுரந்து, சயனைடோடு ஒரு மூலக்கூறு தண்ணீரைச் சேர்த்து, நஞ்சு மிகக் குறைந்த ஃபார்மமைடாக மாற்றிவிடுகின்றன. 1972-இல் ஒரு தீவனப்பயறைத் தாக்கும் ஸ்டெம்ஃபிலியம் பூஞ்சையில் இந்த நொதி விவரிக்கப்பட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். நொதி இருக்கிறது என்பதாலேயே நோய்க்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சோளத்தில் வட்டவட்டமாக இலைப்புள்ளி போடும் கிளியோசெர்கோஸ்போரா பூஞ்சையிலிருந்து இந்த நொதியின் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். 1999-இல் வந்த முடிவு: பூஞ்சை சயனைடுக்கு முன்பைவிட எளிதில் பாதிக்கப்பட்டது, ஆனால் சோளத்தில் நோய் உண்டாக்கும் திறன் குறையவே இல்லை. ரப்பர் மரத்தில் நிலைமை இன்னும் தலைகீழ். தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் தாக்கும்போது கிளம்பும் சயனைடு, ஸ்கோபொலெட்டின் என்ற பூஞ்சைக்கொல்லிப் பொருளை மரமே செய்துகொள்வதைத் தடுக்கிறது. தன் நஞ்சே தன் கையைக் கட்டிவிடுகிறது. அதனால், சயனைடு மிகுந்த கசப்புக் கிழங்கு ரகத்துக்குப் பூஞ்சை நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

தக்காளியும் நான்கு சர்க்கரையும்

நஞ்சை உடைப்பதில் மிகத் தெளிவாகப் புரிந்த கதை தக்காளியினுடையது. தலைவாசல் மார்க்கெட்டுக்கு வரும் காயைக் கடித்தால் ஒரு கசப்பு தெரியும். அதில் டொமாட்டின் இருக்கிறது. பச்சைக் காயில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கும் இது, சிவந்து பழுத்தபின் 5 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். இலையிலும் வேரிலும் எப்போதும் உண்டு.

டொமாட்டின் ஒரு சபோனின். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை வருவதற்குக் காரணமான அதே வகைப் பொருள். இதன் மூலக்கூறில் ஒரு பக்கம் கொழுப்போடு சேரும் பகுதி, இன்னொரு பக்கம் நான்கு சர்க்கரைகள்: இரண்டு குளுக்கோஸ், ஒரு கேலக்டோஸ், ஒரு சைலோஸ். பூஞ்சையின் செல்சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இருக்கிறது. டொமாட்டின் அதோடு சேர்ந்து கட்டியாகி, சவ்வில் ஓட்டை போடுகிறது. செல்லுக்குள் இருப்பதெல்லாம் வெளியே கசிந்து பூஞ்சை சாகிறது. இந்த வேலை நடக்க நான்கு சர்க்கரையும் கட்டாயம் வேண்டும். ஒன்று கழன்றாலும் ஓட்டை போடும் வேகம் விழுந்துவிடும்.

பூஞ்சை பிடித்துக்கொண்டதும் அந்த இடத்தைத்தான். தக்காளி இலைப்புள்ளி நோயைத் தரும் செப்டோரியா ஒரே ஒரு குளுக்கோஸைக் கழற்றுகிறது. சாம்பல் நிறப் பூசணமான போட்ரைட்டிஸ் சைலோஸைக் கழற்றுகிறது. வாடல் நோய் தரும் ஃபியூசேரியம் நான்கு சர்க்கரையையும் ஒரே வெட்டில் பிரித்தெடுத்துவிடும். இந்த நொதிகளுக்கு டொமாட்டினேஸ் என்று பெயர். டொமாட்டின் மேலே பட்டால்தான் ஃபியூசேரியம் இதைப் பேரளவில் செய்யத் தொடங்குகிறது.

வெட்டியபின் மிஞ்சும் துண்டும் சும்மா இருப்பதில்லை. செப்டோரியாவின் டொமாட்டினேஸ் உண்டாக்கும் துண்டு, செடியின் மற்ற தற்காப்பு வேலைகளை மந்தப்படுத்துகிறது என்று 2002-இல் கண்டார்கள். ஆக, நஞ்சை உடைத்ததோடு அந்த உடைசலையே செடிக்கு எதிராகவும் பூஞ்சை பயன்படுத்துகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் வியப்பளித்த செய்தி இது.

இந்த நொதிதான் நோயைத் தீர்மானிக்கிறது என்பதற்கு மிக உறுதியான சாட்சி ஓட்ஸ் பயிரிலிருந்து வந்தது. ஓட்ஸ் வேரில் அவெனசின் என்ற சபோனின் உண்டு, கோதுமையில் கிடையாது. வேரழுகல் தரும் ஒரு பூஞ்சையில் அவெனசினை உடைக்கும் நொதியின் மரபணுவை நீக்கியதும், அது ஓட்ஸைத் தொடவே முடியாமல் போனது. கோதுமையை மட்டும் பழையபடியே தாக்கியது. 1995-இல் வெளிவந்த இந்த ஆய்வில், ஒரு மரபணு ஒரு பயிரின் கதவைத் திறக்கும் சாவியாக இருப்பது நேரடியாகத் தெரிந்தது. தக்காளி ஃபியூசேரியத்தில் அவ்வளவு சுத்தமான முடிவு கிடைக்கவில்லை. அதனிடம் டொமாட்டினேஸ் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. முக்கியமான ஒன்றை நீக்கினால் நோய் தாமதமாகிறது, நிற்பதில்லை.

சாவி மரபணுக்கள் சில பூஞ்சைகளில் தனிக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கின்றன. பட்டாணியைத் தாக்கும் ஃபியூசேரியத்தில், பிசாட்டின் என்ற பட்டாணி நஞ்சை உடைக்கும் மரபணு இப்படி ஒரு உபரிக் குரோமோசோமில் இருக்கிறது. அது இல்லாமலும் பூஞ்சை உயிர்வாழும். தக்காளி ஃபியூசேரியத்தில் நோய்த்திறனுக்கு வேண்டிய ஒரு குரோமோசோம், நோய் உண்டாக்காத இன்னொரு ஃபியூசேரியத்துக்குத் தாவி, அதையும் நோய்க்காரணியாக்கியதை 2010-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள்.

வாடிய தக்காளிச் செடி எல்லாமே ஃபியூசேரியம் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெள்ளை நூல்போலக் கசிந்தால் அது பாக்டீரியா வாடல். பூஞ்சை மருந்து எதுவும் உதவாது. கசிவில்லாமல் தண்டின் உள்ளே பழுப்புக் கோடு மட்டும் இருந்தால் ஃபியூசேரியமாக இருக்கலாம். அதன் தடித்த வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். செடி வாடியபின் வேரில் ஊற்றும் மருந்து பெரும்பாலும் பலன் தராது. எதிர்ப்புள்ள ரகம், ஒட்டு நாற்று, பயிர் மாற்றம், வேர்முடிச்சு நூற்புழுவைக் கட்டுப்படுத்துவது ஆகியவைதான் கைகொடுக்கும். நூற்புழு போட்ட காயம் ஃபியூசேரியத்துக்கு நேர்வழி.

இறைக்கும் பம்பு

எல்லா நஞ்சையும் உடைக்க நொதி வைத்திருப்பது பூஞ்சைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பல பூஞ்சைகள் சவ்வில் பம்புகளை வைத்திருக்கின்றன. கிணற்றில் ஊறும் தண்ணீரை மோட்டார் வெளியே தள்ளுவதுபோல, உள்ளே நுழைந்த நஞ்சைச் செல்லின் சக்தியைச் செலவழித்து வெளியே தள்ளும் புரதங்கள் அவை. பம்பு ஆள் பார்ப்பதில்லை. உருவத்தில் ஓரளவு ஒத்த எதையும் தள்ளிவிடும்.

ஆபத்து அங்கேதான். போட்ரைட்டிஸின் ஒரு பம்பு, திராட்சையும் நிலக்கடலையும் செய்யும் ரெஸ்வெரட்ரால் என்ற நஞ்சை வெளியேற்றுகிறது. கடுகுக் குடும்பச் செடியின் கமலெக்சினையும் வெளியேற்றுகிறது. அதே பம்பு ஃப்ளூடியாக்ஸோனில் என்ற பூஞ்சைக்கொல்லியையும் வெளியேற்றுகிறது. ஜெர்மனி, பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களில், இந்தப் பம்பை எப்போதும் முழுவேகத்தில் ஓடவிடும் போட்ரைட்டிஸ் வகைகள் பரவின. பம்பைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்தில் ஏற்பட்ட மாற்றமே போதுமானதாக இருந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் எதிர்ப்பு வந்தது. செடியோடு போராடிப் பழகிய கருவி நம் மருந்துக்கும் பயன்பட்டுவிட்டது.

நம் ஊரில் மருந்துக் கடையில் மூன்று டப்பா வாங்கி, மூன்றும் வேறுவேறு என்று நினைத்து மாற்றி மாற்றி அடிப்பதைப் பார்க்கிறோம். டப்பாவின் பெயரைப் பார்த்துப் பயனில்லை. சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருளைப் படியுங்கள். ஹெக்ஸகோனசோல், புரோப்பிகோனசோல், டெபுகோனசோல் மூன்றும் அசோல் என்ற ஒரே தொகுதி. பூஞ்சையின் எர்கோஸ்டெரால் தயாரிப்பில் ஒரே இடத்தைத்தான் அடைக்கின்றன. அசாக்ஸிஸ்ட்ரோபின் வேறு தொகுதி. அது மூச்சு வழியைத் தடுக்கிறது. கார்பென்டசிம் மற்றொன்று. இவை எல்லாம் ஒற்றை இடத்தைத் தாக்குபவை, எதிர்ப்பு எளிதில் வரும். மாங்கோசெப்பும் தாமிர மருந்தும் ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குவதால் பூஞ்சைக்கு அவற்றைக் கடப்பது கடினம். சுழற்சி என்றால் தொகுதியை மாற்றுவது. அளவைக் குறைத்து அடிக்கடி அடிப்பது, அரைகுறை எதிர்ப்பு உள்ள பூஞ்சையை மட்டும் பொறுக்கி வளர்க்கும் வேலை.

மிளகுக் கொடியில் அசோல் ஏன் கேட்பதில்லை

ஏற்காடு காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி, மழைக்காலத்தில் சில நாட்களிலேயே கருகி உதிர்வதுண்டு. இந்த விரைவு வாடலைத் தருவது ஃபைட்டோஃப்தோரா. சேலம் பக்கத்துக் குச்சிக்கிழங்கை மண்ணுக்குள்ளேயே அழுகவைப்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது. பார்வைக்குப் பூஞ்சைபோல இருந்தாலும் இது உண்மையான பூஞ்சை அல்ல; பழுப்புப் பாசிகளுக்கு உறவான தனிக் குலம்.

இந்த வேறுபாடு பாடப்புத்தகத்தோடு நிற்பதில்லை. ஃபைட்டோஃப்தோராவால் எர்கோஸ்டெரால் போன்ற ஸ்டெரால் கொழுப்புகளைத் தானாகச் செய்யவே முடியாது. சபோனின் போய் ஒட்ட வேண்டிய எர்கோஸ்டெரால் அதன் சவ்வில் இல்லை. செல்சுவரும் பெரும்பாலும் செல்லுலோஸும் குளுக்கனும்; செடி சுரக்கும் கைட்டினேஸ் நொதி கரைக்க, பூஞ்சைச் சுவரில் இருக்கும் கைட்டின் என்ற பொருள் அங்கே பெயருக்குத்தான் இருக்கிறது. நஞ்சை உடைக்கவும் வேண்டாம், இறைக்கவும் வேண்டாம்; அடிபட வேண்டிய இடமே இல்லை. அதே காரணத்தால் எர்கோஸ்டெரால் தயாரிப்பை அடைக்கும் ஹெக்ஸகோனசோல் போன்றவையும் விரைவு வாடலில் வேலை செய்வதில்லை. தோட்டத்தில் காப்பித் துரு நோய்க்கு வாங்கி வைத்த மருந்து மீதம் இருக்கிறதே என்று மிளகுக்கும் அடித்தால் அது முழுக்க வீண்.

மிளகுக்கு 1 சதவீத போர்டோ கலவையை இலையில் தெளிப்பதும், மெட்டலாக்சில்–மாங்கோசெப் கலவையை லிட்டருக்கு 1.25 கிராம் அல்லது பொட்டாசியம் ஃபாஸ்ஃபனேட்டை 0.3 சதவீதம் கலந்து தெளித்து, கொடிக்கு 5 முதல் 10 லிட்டர் வேரில் ஊற்றுவதும் பரிந்துரை. மழை தொடங்கும்போது ஒருமுறை, மழை நடுவில் மறுமுறை. பொட்டாசியம் ஃபாஸ்ஃபனேட் நோய்க்காரணியை நேரடியாகத் தடுப்பதோடு, செடியின் சொந்தத் தற்காப்பையும் தூண்டிவிடுகிறது. வேரடியில் தண்ணீர் தேங்கினால் இவை எதுவும் நிற்காது; நீந்தும் வித்துகளுக்குத் தேங்கிய தண்ணீர்தான் பாதை.

போர்டோ கலவையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கலக்கும்போதே நடப்பவை. 100 லிட்டருக்கு மயில்துத்தம் 1 கிலோ, நல்ல சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. துத்தத்தை 50 லிட்டரிலும் சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து வடிகட்ட வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் எடுங்கள். இரும்பு வாளி ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் தாமிரம் இன்னும் சுதந்திரமாக நிற்கிறது, இலை கருகும். சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். பழைய, காற்றுப்பட்ட சுண்ணாம்பு வாங்கியவர்களுக்கு இந்தப் பிரச்சினை வந்தே தீரும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

எழுப்பாமல் உள்ளே நுழைவது

காப்பித் துரு நோய்க்கு வேறு குணம். 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்டு, அந்நாட்டின் காப்பியையே முடித்துவைத்த பூஞ்சை இது. இலையின் அடிப்புறத்தில் நீர்த்துளி நின்றால் வித்து முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே போகிறது. செல்லைக் கொல்லாமல், அதற்குள் ஒரு உறிஞ்சு உறுப்பை நீட்டிச் சாறு எடுக்கிறது. செல் சிதையவில்லை என்றால் அடைத்து வைத்த நஞ்சும் கலப்பதில்லை. செடி தன்னைக் கண்டுகொள்ளாமலிருக்கச் சிறு புரதங்களையும் செலுத்துகிறது. துருப் பூஞ்சைகள் சில, செடிக்குள் போனதும் தம் சுவரின் கைட்டினைக் கைட்டோசானாக மாற்றிக்கொள்கின்றன. கைட்டினேஸ் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. தக்காளி இலைப்பூசணம் இன்னும் ஒரு படி மேலே: அவ்ர்4 என்ற புரதத்தைத் தன் கைட்டின்மேல் கவசம்போலப் போர்த்திக்கொள்கிறது.

இப்படிப்பட்ட பூஞ்சையைச் செடி அடையாளம் கண்டுவிட்டால், தாக்கப்பட்ட செல்லையே பலி கொடுத்து அதைப் பட்டினி போடும். எதிர்ப்பு ரகங்களின் வேலை அதுதான். 1911-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கென்ட்ஸ் ரகம் சில காலம் தாங்கி, புதிய துரு இனம் வந்ததும் வீழ்ந்தது. பிறகு எஸ்.795, 2007-இல் சந்திரகிரி என்று ரகங்கள் தொடர்கின்றன. பழைய அரபிகா காப்பி நிற்கும் தோட்டத்தில் 0.5 சதவீத போர்டோ கலவை இன்றும் நம்பத்தக்கது. ஆனால் அது வித்து முளைப்பதைத்தான் தடுக்கும், உள்ளே போனதைத் தொடாது. மழைக்கு முன்பே, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளித்தால்தான் பயன்.

காத்திருக்கும் பூஞ்சை: மாம்பழம், வெண்ணெய்ப்பழம், நிலக்கடலை

சேலத்து மாம்பழத்தில் கரும்புள்ளி விழுந்து அழுகுவது மண்டியில்தான் தெரியும். நோய் நுழைந்தது மாதக்கணக்கில் முன்னால், பிஞ்சு மரத்தில் இருக்கும்போதே. கொலிட்டோட்ரைக்கம் பூஞ்சையின் வித்து பிஞ்சின் தோலில் முளைத்து, ஒரு அழுத்த முளையால் மெழுகுப் படலத்தைத் துளைத்து, அங்கேயே நின்றுவிடுகிறது. மாங்காய்த் தோலில் ரெசார்சினால் வகைப் பொருட்கள் இருக்கின்றன. காம்பை ஒடித்தால் பீச்சும் பாலிலும் அவை உண்டு, கூடவே கைட்டினேஸும் உண்டு. அந்த அளவு இருக்கும்வரை பூஞ்சை அசையாது. பழுக்கப் பழுக்க ரெசார்சினால் குறையும், தோல் மிருதுவாகும், சர்க்கரை ஏறும். பூஞ்சை எழுந்துகொள்கிறது.

ஏற்காட்டில் விளையும் வெண்ணெய்ப்பழத்தில் இந்தக் கணக்கு இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அதன் தோலில் உள்ள ஒரு கொழுப்புவகை நஞ்சை, பழத்தின் சொந்த நொதியே உடைக்கும். காயில் எபிகேட்டகின் என்ற பொருள் அந்த நொதியை அடக்கிவைக்கிறது. பழுக்கும்போது எபிகேட்டகின் குறைய, நொதி விடுபட, நஞ்சு கரைகிறது. கொலிட்டோட்ரைக்கம் அந்த நேரத்தில் அம்மோனியாவைச் சுரந்து சுற்றியுள்ள புளிப்பைக் குறைத்து, திசுவைக் கரைக்கும் நொதிக்கு ஏற்ற நிலையை உண்டாக்குகிறது.

இதிலிருந்து மா விவசாயிக்கு வருவன: காயைக் குலுக்கி உதிர்க்காமல், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் காம்போடு வெட்டுங்கள். பால் வடிந்து வீணானால் பழத்தின் தற்காப்பில் ஒரு பங்கு போகிறது. தோலில் வழிந்த பால் கரும் தீக்காயமும் போடும். மருந்தைப் பூக்கும் பருவத்திலும் பிஞ்சுப் பருவத்திலும் அடிக்க வேண்டும். அறுவடைக்குமுன் அவசரமாக அடிப்பது உறங்கும் பூஞ்சையை எட்டாது. அதை எட்டுவது வெந்நீர். 52 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம், பறித்த ஒரு நாளுக்குள். பழத்தைக் கொட்டியதும் தண்ணீரின் சூடு இறங்கிவிடும் என்பதால் வெப்பமானியைத் தொட்டியிலேயே வைத்துக் கவனிக்க வேண்டும். 50-க்குக் கீழே போனால் பூஞ்சை பிழைக்கும், 54-ஐத் தாண்டினால் தோல் வெந்துவிடும். முற்றாத காய் இதைத் தாங்காது. முற்றாத காயைத் தடைசெய்யப்பட்ட கார்பைடு கல் வைத்து நிறம் மாற்றினால் நோயின் கடிகாரத்தைத்தான் முடுக்குகிறோம்.

நிலக்கடலையில் காத்திருக்கும் பூஞ்சை ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், அஃப்லடாக்சின் என்ற நஞ்சைத் தருவது. ஈரம் உள்ள பருப்பு காயம் பட்டதும் ரெஸ்வெரட்ராலும் அதன் உறவுப் பொருட்களும் செய்து பூஞ்சையைத் தடுத்துவிடும். அப்படித் தாக்குதல் வந்தபின் செடி செய்துகொள்ளும் நஞ்சுக்குப் பைட்டோஅலெக்சின் என்று பெயர்; உருளைக்கிழங்கில் சோதித்து 1940-இல் முல்லரும் போர்கரும் முன்வைத்த கருத்து. ஆனால் அதைச் செய்ய உயிருள்ள, ஈரமான செல் வேண்டும். கடைசி 4 முதல் 6 வாரத்தில் மானாவாரிக் காட்டில் மழை பொய்த்து, காய் இருக்கும் மண் 30 டிகிரியை ஒட்டிச் சூடானால், பருப்பு பாதி காய்ந்து, நஞ்சு செய்யும் வேலை நின்றுவிடும். ஆஸ்பெர்ஜில்லஸ் வளர மட்டும் அந்த ஈரம் போதும். அந்த வாரங்களில் கொடுக்கும் ஒரு தண்ணீர், பறித்தபின் செய்யும் எந்த மருந்தையும்விட மேல். பறித்தபின் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும்: காயைத் தரையில் குவிக்காமல் பரப்பி உலர்த்தி, பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்தபின்தான் மூட்டை கட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்த காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஓசை தரும்; ஓடு உடைத்துத் தேய்த்தால் தோல் எளிதாக உரியும்.